கிரைண்டரில் கையுறை, லேத்தில் வெறுங்கை: காரணம் என்ன?

கேள்வி:
பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆங்கிள் கிரைண்டரில் குழாய் அறுக்கும்போது தோல் கையுறை அணியச் சொல்லும் அதே மூத்தவர், லேத்துக்கு (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) மாறியதும் அதைக் கழற்றச் சொல்கிறார். சூடான உலோகச் சுருள்கள் விரலில் தெறிப்பது லேத்தில்தானே? காரணத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். லேத்தில் உலோகத்தைப் பிடித்துச் சுழலும் சக் நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால் விநாடிக்கு 10 சுற்று ஆகிறது; கையுறையின் நூல் ஒன்று சிக்கியதை நீங்கள் உணர்ந்து கையை இழுப்பதற்குள் அது இரண்டு மூன்று முறை சுற்றிக்கொண்டு, விரலையும் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். தளர்வான முழுக்கைச் சட்டை, மோதிரம், கட்டாத தலைமுடி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். சுருளை, இயந்திரம் முழுமையாக நின்ற பிறகு, கொக்கிக் கம்பியாலோ பிரஷாலோ எடுங்கள்.

சக்கை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் சக் சாவி சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்காதீர்கள். நான் தொழில் பழகிய இடத்தில் ஒருவர் சாவியை எடுக்க மறந்து லேத்தை ஓட்டிவிட்டார். அவர் தலையை ஒட்டிப் பறந்த சாவி, பின்னாலிருந்த இரும்பு அலமாரியின் கதவில் கட்டைவிரல் புதையும் அளவுக்குப் பள்ளம் போட்டது.

பதில் 2:
கிரைண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கையுறையைவிட முக்கியமானது கார்டு, அதாவது சுழலும் வீலை (அறுக்கும் வட்டை) மறைக்கும் காப்பு உறை. அதைக் கழற்றிவிட்டு, சிறிய கிரைண்டரில் 180 மி.மீ. வீலை மாட்டுவதைப் பல இடங்களில் கண்டு பதறியிருக்கிறேன். அந்த வீல் பொதுவாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்றுகள் வரையே தாங்கும். சிறிய கிரைண்டரோ 11,000 சுற்றுகளுக்குக் குறையாமல் ஓடுவது வழக்கம். வெடித்தால் துண்டுகள் முகத்தை நோக்கியே வரும். புதிய வீலை மாட்டியதும், அதன் நேரெதிரே நில்லாமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் முகக்கவசமும் அணியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம்: லேத்தில் ஓடும் தண்டை மெருகேற்ற, எமரித் துணியை (உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான துணி) விரலில் சுற்றிப் பிடிக்கிறேன். இதுவும் தவறா?

பதில் 1:
தவறுதான், இன்றே நிறுத்திவிடுங்கள். தட்டையான அரத்தின் மேல் எமரியை வைத்து அழுத்தினால் விரல் தண்டுக்கு அருகில் போகாது. அதற்கு முன், அரத்துக்கு மரக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். சக் அரத்தைத் தட்டிவிட்டால், கைப்பிடியில்லாத அதன் கூர்முனை உள்ளங்கையில் இறங்கிவிடும்.