சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு நம் அடுக்களையில் சமைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் எட்டு வயது மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையிலும், பின்னர் செய்த குடல் திசுப் பரிசோதனையிலும் உறுதியாகியுள்ளது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் அவள் சிறுகுடலைப் பாதிக்கும், ஆகவே அதை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நாங்கள் இட்லி, தோசை, சோறு உண்பவர்கள்தாம். ஆனால் மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் சப்பாத்தி கட்டாயம் உண்டு. ஒரே அடுக்களையில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது, பள்ளிக்கு என்ன கொடுத்தனுப்புவது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமையே என்பதால் ரவா உப்புமா, கேசரி, பரோட்டா ஆகியவற்றை விட்டுவிட வேண்டியதுதான். அது எளிது. நீங்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருப்பது வழக்கம், ஆகவே சாம்பார், ரசம் மட்டுமன்றி, கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி வழியாகவும் கோதுமை உள்ளே போய்விடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளியுங்கள், ரசம் ஒன்றும் கெட்டுவிடாது.

மறுமொழி 2:
மாவு மில்லை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவு உங்கள் அரிசியோடுதான் வந்து சேரும். இந்திய விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, அதற்கென்றே வைத்த சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மகளுக்குத் தோசைக்கல்லும் மரக்கரண்டியும் தனியாக இருக்கட்டும். சப்பாத்தி தேய்க்கும்போது மாவு பறக்குமாதலால், அவள் சாப்பாட்டை முன்னதாகவே சமைத்து மூடிவிடுங்கள். மாமனாருக்கும் அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சில இரவுகளில் அடையோ சோள ரொட்டியோ கொடுத்துப் பார்க்கலாம். சர்க்கரைக்குச் சப்பாத்திதான் என்று யாரும் சாசனம் எழுதவில்லை.

மறுமொழி 3:
பள்ளிக்கு எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தாளித்த இடியாப்பம், குதிரைவாலிப் பொங்கல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சிறுதானியத்தில் கோதுமை மணிகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் தட்டில் பரப்பிப் பொறுக்கிய பிறகே கழுவுங்கள். ராகி சேமியாவை வாங்குமுன் உறையைப் படியுங்கள், பலவற்றில் கோதுமை உண்டு. பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். வகுப்பில் பிறந்தநாள் கேக் வரும் நாட்களுக்காகக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை ஆசிரியரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். இன்னொன்று: பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு சரியாகத் தெரியாது.