மலருக்குப் படம் அனுப்புவோர் கவனத்துக்கு

ஊர் உறவுகளுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

நாம் அச்சிடும் சிறப்பு மலருக்குப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் வழியாக வந்தவை. கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்தாலும் முழுப்பக்க அச்சுக்கு அவை தாங்காது.

கணக்கு எளிதுதான். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தின் நுண்புள்ளி) வேண்டும். ஏ4 முழுப்பக்கம் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். கைப்பேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படமே அதற்குத் தாராளம். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 300-ஆல் வகுத்தால் ஐந்தரை அங்குலம்கூட வராது.

'72 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று காட்டுகிறதே, 300 ஆக்கி அனுப்பட்டுமா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. செயலியில் போட்டுப் பெரிதாக்கவும் வேண்டாம். இல்லாததை அது இட்டு நிரப்பும், முகம் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும். தாத்தா பாட்டி முகத்தில் அது நடக்கக் கூடாது.

பழைய படங்களுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்கள் துறைமுகத்தில் நிற்கும் படம் ஒன்று வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு 1973 வரை ஓடிய கப்பல். நம்மவர்களில் பல குடும்பங்கள் அதில் வந்தவைதான். வாட்ஸ்அப் பிரதியில் காலடியில் இருக்கும் தகரப்பெட்டி வெறும் கறுப்புத் திட்டு. மூலப் படத்தை வாங்கி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் நம் ஊர்ப் பெயர்! எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது.

ஆகவே சின்னப் படங்களை 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலப் படம் 1200-க்கு 1800 பிக்சல் ஆகும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம். கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், அப்படியே விடுங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், யார் எவர் என்று போட உதவும்.

அனுப்பும்போது மின்னஞ்சலில் இணையுங்கள், இல்லை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைத் தாருங்கள். வாட்ஸ்அப்தான் பழக்கம் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அளவு குறையாது. ஸ்கேனர் இல்லாதவர்கள் பினாங்கில் ஜார்ஜ் டவுன் பக்கம் வரும்போது படத்தை எடுத்து வாருங்கள். நானே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன்.