லிஸ்பன், அப்பா அம்மாவுடன்: அல்ஃபாமா வீட்டை இன்றிரவுக்குள் ரத்து செய்யணுமா? அவசரம்

டிராம்பைத்தியம் | மாலை 6:52
வணக்கம். லிஸ்பனில் அல்ஃபாமா பகுதியில் ஒரு வீடு புக் செய்து வைத்திருக்கிறேன். படிக்கிற காலத்தில் அங்கேதான் இருந்தேன். ஐரோப்பாவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். இப்போது அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் திரிந்த சந்து, மாடியிலிருந்து தெரியும் தேஜோ ஆறு எல்லாம் அவர்களுக்கும் காட்டணும். இன்றைக்கு அந்த வீட்டுக்கு யாரோ ஒருவர் "படிகள் ஜாஸ்தி" என்று விமர்சனம் போட்டிருக்கிறார். நான் இருந்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. இரவு 12க்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும், தாண்டினால் ஒரு பைசா கிடையாது. வைக்கலாமா, விடலாமா? திட்டம்: 28ஆம் நம்பர் டிராம், குளோரியா இழுவை வண்டி (சரிவில் கம்பியால் இழுக்கும் வண்டி), கோட்டை, ஆற்றோரத்து பெலெம் பகுதி, பக்கத்து ஊரான சிந்த்ரா. சீக்கிரம் சொல்லுங்க.

ஊர்சுற்றி_கோவை | 6:58
எந்த மாதம்? அப்பா அம்மாவுக்கு என்ன வயது? எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா?

விசா_வாத்தியார் | 7:01
அதெல்லாம் அப்புறம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? பெற்றோருக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பமா? இனிமேல்தான் என்றால் வீட்டைப் பற்றிப் பேசுவதே வீண். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு.

மேல்தட்டு | 7:05
லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் இருக்கும் ஊர் என்பது எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் முதல் வரி. அங்கேயே படித்தவர் "படி இருக்குமா" என்று கேட்பது வேடிக்கை. இந்தக் குழுவில் தேடல் வசதி என்று ஒன்று உண்டு, புதியவர்கள் பயன்படுத்தலாம். போகட்டும். நடக்க முடியாதவர்களை வியன்னாவுக்குக் கூட்டிப் போங்கள், தரை சமமாக இருக்கும்.

கீழவாசல் | 7:09
சார், அவர் வியன்னாவைக் கேட்கவில்லை.

தேஜோக்கரை | 7:14
இங்கே லிஸ்பனில்தான் வசிக்கிறேன். அல்ஃபாமா என்றால் முழுவதும் படி என்று நினைக்க வேண்டாம். கீழே ஃபாடோ இசை அருங்காட்சியகம் இருக்கும் சதுக்கம் பக்கம் சமதரை, டாக்ஸி வாசல் வரை வரும். அங்கிருந்து மேலே போகப் போகத்தான் கஷ்டம். தெருப் பெயர் சொல்லுங்கள். இன்னொன்று, இங்கே தரைத்தளத்தை விட்டுவிட்டுத்தான் மாடி எண்ணுவார்கள். பழைய வீடுகளில் படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக இருக்கும்.

ஆட்டோ_ராஜா | 7:16
படியைப் பற்றிக் கவலையே வேண்டாம். டக்டக் இருக்கிறது, நம்ம ஊர் ஆட்டோ மாதிரிதான், பேட்டரியில் ஓடும். பேரம் பேசி ஏறினால் பெற்றோர் ராஜா மாதிரி ஊர் பார்ப்பார்கள்.

கீழவாசல் | 7:18
டக்டக் மூன்றாவது மாடிக்கு ஏறுமா?

டிராம்பைத்தியம் | 7:31
மன்னிக்கணும், சமையலில் இருந்தேன். டிசம்பர் முதல் வாரம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. நான் ஜெர்மனியில் இருக்கிறேன், இருவரும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள், ஜெர்மனி கொடுத்த விசா. வீடு சாந்து எஷ்தேவாவ் தேவாலயத்துக்குக் கீழே, மூன்றாவது மாடி, லிஃப்ட் பற்றி எதுவும் போடவில்லை. அம்மாவுக்கு ஒரு முழங்காலில் போன வருடம் அறுவை சிகிச்சை ஆனது. இருவரும் சைவம்.

ஊர்சுற்றி_கோவை | 7:33
முழங்கால் அறுவை சிகிச்சையை முதல் பதிவிலேயே எழுத மாட்டீர்களா!

தேஜோக்கரை | 7:40
அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், இப்போதே ரத்து செய்யுங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் தெருவே படிக்கட்டு. கார் பக்கத்தில் வராது. பெட்டிகளை நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு ஏறணும், அதன் பிறகு கட்டடத்துக்குள் மூன்று மாடி. லிஃப்ட் பற்றிப் போடவில்லை என்றால் அந்தப் பகுதியில் லிஃப்ட் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் மழைக்காலம். இங்கே நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்திருப்பார்கள். பல வருடம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்கும், நனைந்தால் எனக்கே வழுக்கும். அம்மாவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து.

விசா_வாத்தியார் | 7:42
ஜெர்மனி விசா என்றால் போர்ச்சுகலுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விசாவில் எழுதியிருக்கும் நாள் கணக்கையும் பாருங்கள். 180 நாளில் 90 நாள் என்பது ஷெங்கன் பகுதி முழுவதற்கும் சேர்த்துத்தான்.

மேல்தட்டு | 7:45
முழங்கால் பிரச்சினை உள்ளவரோடு சிந்த்ராவா? அங்கே பேனா அரண்மனைக்குள் எத்தனை ஏற்றம் தெரியுமா? பெற்றோரை அழைத்துப் போவது என்றால் முதலில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கணும். உங்கள் பழைய நினைவுகளுக்கு அவர்களைத் துணைக்கு இழுக்கக் கூடாது.

நெய்விளக்கு | 7:49
மேல்தட்டு ஐயா சொல்கிற தொனி பிடிக்கவில்லை, ஆனால் விஷயம் சரிதான். நான் என் அம்மாவோடு போனபோது கோட்டைச் சுவரெல்லாம் விட்டுவிட்டோம். போர்ட்டாஸ் து சோல் என்கிற காட்சி மாடத்தில் உட்கார்ந்தோம். டிராம் அதன் வாசலிலேயே நிற்கும், ஒரு படி ஏற வேண்டாம். அல்ஃபாமா ஓடுகளும் ஆறும் மொத்தமாகக் கண்முன் விரியும். அங்கே உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் போதும், அல்ஃபாமா பார்த்தாயிற்று. டிசம்பரில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நாலு மணிக்கே போய்விடுங்கள்.

ஆட்டோ_ராஜா | 7:52
குளோரியா இழுவை வண்டியில் ஏற்றத்தைச் சுலபமாகக் கடக்கலாமே?

தேஜோக்கரை | 7:55
2025 செப்டம்பர் 3 அன்று அந்த வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மற்ற இழுவை வண்டிகளையும் நிறுத்திச் சோதனை செய்தார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அதற்குப் பதில் இலவச வழிகள் இருக்கின்றன. கீழே இருக்கும் பைஷா பகுதியிலிருந்து மேலே ஷியாடு பகுதிக்கு ஏறுவதற்கு பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகளில் ஏறினால் மேல் தெருவில் கொண்டுபோய் விடும், தெருவில் மூச்சு வாங்க வேண்டாம். கோட்டைப் பக்கம் என்றால் ஃபான்கெய்ருஷ் தெருவில் ஒரு பொது லிஃப்ட் உண்டு. அதில் ஏறி, மேலே மடலேனா தெருவைக் கடந்து, ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டடத்தின் லிஃப்டில் இன்னொரு தரம் ஏறணும். கோட்டைக்குக் கீழே கொண்டுபோய் விடும். அதுவும் வேண்டாம் என்றால் ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 பேருந்து கோட்டை வாசல் வரை போகும். கோட்டைக்குள் தரை மேடு பள்ளம், அம்மாவை மதிலில் ஏற்றாதீர்கள்.

28ஆம் டிராம் பழைய மரப்பெட்டி வண்டி, ஏறும் படி உயரம், நெரிசலில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும், பிக்பாக்கெட்டும் ஜாஸ்தி. ஏறியே ஆகணும் என்றால் காலையில் சீக்கிரமாக மார்டிம் மொனிஷில், அது புறப்படும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுங்கள். பெலெம் போக 15ஆம் நம்பர். அந்தத் தடத்தில் தாழ்தள டிராம்கள் ஓடுகின்றன, அம்மாவுக்கு அது வசதி. திங்கட்கிழமை போகாதீர்கள், ஜெரோனிமோஸ் மடம் மூடியிருக்கும்.

டிராம்பைத்தியம் | 8:10
குளோரியா விபத்தைச் செய்தியில் பார்த்தேன், இதற்குள் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். சரி, அல்ஃபாமா வேண்டாம் என்றால் எங்கே தங்குவது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வாஸ்கோ ட காமா கல்லறையைப் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம்.

ஊர்சுற்றி_கோவை | 8:14
பைஷாவில் எடுங்கள். 1755 நிலநடுக்கத்தில் அழிந்ததைத் திட்டம் போட்டு, நேர்நேர் தெருக்களாகக் கட்டிய பகுதி. சமதரை.

தேஜோக்கரை | 8:20
பைஷாவும் சரிதான், ஆனால் அங்கேயும் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள் நிறைய. என்னைக் கேட்டால் சல்தான்யா. தெரு அகலம், கட்டடங்கள் புதிது, விமான நிலையத்திலிருந்து சிவப்பு மெட்ரோவில் மாறாமல் வந்து இறங்கலாம். அழகு கொஞ்சம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி தூங்கத்தானே போகிறீர்கள்.

வாஸ்கோ கல்லறை பெலெமில் ஜெரோனிமோஸ் மடத்தை ஒட்டிய தேவாலயத்துக்குள் நுழைந்த உடனே இருக்கிறது, அதிகம் நடக்க வேண்டாம். 1524இல் கொச்சியில் இறந்தவர். கொச்சி பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் முதலில் புதைத்தார்கள், 1880இல்தான் எலும்புகள் பெலெமுக்கு வந்தன. தமிழாசிரியர் என்கிறீர்கள், அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: தமிழின் முதல் அச்சுப் புத்தகம் 1554இல் இந்த லிஸ்பனில்தான் அச்சானது.

முத்துநகர் | 8:24
தவறு. முதல் தமிழ் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். லிஸ்பனில் அச்சிட்டது ரோமன் எழுத்தில். அது எப்படித் தமிழ்ப் புத்தகம்?

தேஜோக்கரை | 8:27
மொழி தமிழ்தானே? எழுத்து வேறு, மொழி வேறு.

முத்துநகர் | 8:29
அப்படியானால் என் மருமகன் தங்கிலீஷில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளும் தமிழ் இலக்கியம். தம்பிரான் வணக்கத்தைத் தந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகள் புன்னைக்காயலில் உட்கார்ந்து தமிழ் கற்று, தமிழ் எழுத்திலேயே அச்சுக்குக் கொண்டுவந்ததை இப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

மேல்தட்டு | 8:33
இரண்டுமே சமயப் பரப்புரை நூல்கள். இலக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. 1554 என்பது மொழியின் அச்சு, 1578 என்பது எழுத்தின் அச்சு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

முத்துநகர் | 8:35
ரயில் வருவதற்கு முன்னாலேயே தண்டவாளத்துக்கு விழா எடுப்பவர்களிடம் என்ன பேசுவது!

கீழவாசல் | 8:36
ஐயா, அவருக்கு 12 மணி வரைதான் நேரம். சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

நெய்விளக்கு | 8:44
சைவம் என்றால் கொஞ்சம் முன்ஜாக்கிரதை வேண்டும். கீரை சூப் என்று கொடுப்பதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். மாமிசம் வேண்டாம் என்று சொன்னால் மீன் வைப்பார்கள், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லணும். ஊரே கொண்டாடும் அந்தச் சின்ன கஸ்டர்ட் பலகாரத்தில் முட்டை மஞ்சள் கரு நிறைய. அம்மா முட்டை சாப்பிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேஜையில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் தனிக் காசு, வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மார்டிம் மொனிஷ் பக்கம் இந்திய, வங்கதேசக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். லுமியார் பகுதியில் மகாத்மா காந்தி பெயரிலான சாலையில் ராதாகிருஷ்ணன் கோயில் உண்டு. மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்கள் கட்டியது. அங்கே சைவச் சாப்பாடு போடுகிறார்கள். என் அம்மா லிஸ்பனில் வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான்.

ஆட்டோ_ராஜா | 8:47
கோயிலுக்கு டக்டக் வருமா?

ஊர்சுற்றி_கோவை | 8:50
விமான நிலையத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள். 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் சொன்னால் போதும், ஐரோப்பாவில் அதற்குக் கட்டணம் கிடையாது. "நான் என்ன நோயாளியா" என்று அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சிந்த்ரா போனால் ரோசியு நிலையத்திலிருந்து ரயில், அங்கே ஊருக்குள் மட்டும் சுற்றுங்கள், பேனாவை விட்டுவிடுங்கள். அதைவிட எக்ஸ்போ 98 நடந்த ஆற்றோரப் பகுதி நல்லது. தரை சமம், மீன்காட்சியகம் இருக்கிறது, மழை வந்தால் உள்ளே ஒதுங்கலாம்.

முத்துநகர் | 9:02
கடைசியாக ஒன்று. 1554 புத்தகத்தை எழுதியவர்களும் நம் பக்கத்திலிருந்து போன மூன்று இந்தியர்கள்தான். பெருமை எப்படியும் நமக்குத்தான்.

தேஜோக்கரை | 9:04
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்?

முத்துநகர் | 9:05
இல்லை, நீங்கள் முதல் நூல் என்று சொன்னீர்கள்.

டிராம்பைத்தியம் | 11:38
ரத்து செய்துவிட்டேன், பணம் திரும்பி வரும் என்று மின்னஞ்சல் வந்தது. சல்தான்யாவில் லிஃப்ட் உள்ள இடம் எடுத்தாயிற்று. அம்மா கோயில் சாப்பாட்டைக் கேட்டதும்தான் பயணத்துக்கே சம்மதித்தார். அப்பாவிடம் இந்தச் சண்டையைப் படித்துக் காட்டினேன், அவர் 1578 கட்சி. எல்லோருக்கும் நன்றி. கோயில் சாப்பாடு எல்லா நாளும் உண்டா?

முத்துநகர் | 11:41
ஆசிரியரே சொல்லிவிட்டார்.

மேல்தட்டு | 11:50
ஆசிரியர் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது.

நெய்விளக்கு | காலை 7:15
போவதற்கு முன் கோயிலுக்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், திருவிழா நாளில் கூட்டம் இருக்கும். டிசம்பர் 1, 8 இரண்டும் அங்கே அரசு விடுமுறை. நீங்கள் போகும் தேதி என்ன என்று இன்னும் சொல்லவில்லையே?