கோழிக்கு ஒட்டும் பொசுபரசு: தீன் பைக்கு ஒரு சொல் வேண்டும்

திருகோணமலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே வீட்டளவில் கோழியும் ஆடும் மாடும் வளர்ப்பவர்களுக்காகத் தீன் பற்றி ஒரு சிறு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறோம். புரதம், மாப்பொருள், கல்சியம் எல்லாம் சிக்கலில்லாமல் எழுதி முடிந்தன. பொசுபரசில் வந்து எழுத்து நின்றுவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன். தம்பலகாமத்தில் ஒரு அக்கா முட்டைக்கோழி வளர்க்கிறார். கடைத் தீனை மட்டும் போட்டால் கட்டுப்படியாகாது என்று ஆலைத் தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் சேர்த்துக் கலக்கிறார். நான் போனபோது சில கோழிகள் எழும்ப முடியாமல் கால்மூட்டில் குந்தியபடியே தீன் தொட்டிக்குள் கழுத்தை நீட்டிக் கொத்திக்கொண்டிருந்தன. பொசுபரசு குறைவாக இருக்கலாம் என்றேன். அவர் பையைத் திருப்பி, "பொசுபரசு 0.6%" என்ற வரியின் கீழே பெருவிரலை வைத்து, "இதில இருக்குத்தானே, தவிட்டிலயும் நிறைய இருக்கு எண்டு சொல்லுறாங்கள், பிறகென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கால் பலவீனம் என்றதும் அவர் சிப்பித்தூளைக் கூட்டியிருக்கிறார். அது நிலைமையை மோசமாக்கும். சிப்பியில் கல்சியம் உண்டு, பொசுபரசு இல்லை என்றே சொல்லலாம். கல்சியம் மிஞ்சினால் இருக்கிற கொஞ்சப் பொசுபரசையும் குடலில் பிடித்து வைத்துவிடும்.

பையில் போட்டிருப்பது மொத்தப் பொசுபரசு. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பொசுபரசில் பெரும்பகுதி பைற்றேற்று என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதியம் கோழியின் குடலில் போதியளவு இல்லை. அரிசித் தவிட்டில் மொத்தம் ஏறத்தாழ 1.5 சதவீதம் இருந்தாலும் கோழிக்குப் பயன்படுவது 0.22 மட்டில்தான்.

இந்த "பயன்படும்" பகுதிக்கு என்ன சொல் போடலாம்? ஆங்கில நூல்களில் கட்டில்லாதது, கிடைக்கத்தக்கது, செரிக்கத்தக்கது என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றுபோல் எழுதிவிடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்யவேண்டாம் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

வணக்கம். தமிழ்நாட்டில் வேளாண் துறையினர் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியத்தை நெடுங்காலமாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றே எழுதுகிறார்கள். உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். "கிடைக்கும் மணிச்சத்து" என்று போட்டுவிடுங்கள். பாஸ்பரஸா பொசுபரசா என்ற கடல் கடந்த சண்டையும் அதோடு தீரும். நீங்கள் சொன்ன கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் நொதிக்கு "பூட்டவிழ்நொதி" என்று ஒன்று வைத்திருக்கிறேன், எப்படி?

திருகோணமலையிலிருந்து:

ஐயா, மணிச்சத்து அழகான சொல், வயலுக்கு. கதிரில் மணி பிடிக்க உதவுவதால் வந்த பெயர். ஆனால் உடம்பிலுள்ள பொசுபரசில் ஏறத்தாழ 80 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்புச் சத்து என்று சொல்லவேண்டிய இடத்தில் மணிச்சத்து என்றால் எங்கள் பக்கத்து ஆள் உர மூட்டையைத்தான் தேடுவார். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று இங்கே பயிருக்குப் போடும் பொருள். "அதில் ஒரு பிடி மாட்டுக்குப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் புளோரின் உண்டு. அதை நீக்காமல் தொடர்ந்து கொடுத்தால் பல்லும் எலும்பும் கெடும். ஆகவே உரத்துக்கும் தீனுக்கும் பெயர் வேறாக இருப்பதே பாதுகாப்பு.

"கிடைக்கும்" என்பதிலும் எனக்கு மனமில்லை. மண் பரிசோதனை பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பயிர் எடுக்கக்கூடிய பொசுபரசுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். அதோடு, கடைக்காரர் "எங்களிடம் கிடைக்கும்" என்று பலகை வைப்பது போலவும் கேட்கிறது.

நான் முன்வைப்பது ஒட்டும் பொசுபரசு. "எவ்வளவு தின்றும் உடம்பில் ஒட்டவில்லை" என்று பிள்ளையைப் பற்றியும் சொல்கிறோம், மாட்டைப் பற்றியும் சொல்கிறோம். யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: எந்த விலங்குக்கு என்று முன்னால் சொல்லாமல் இதை எழுதக்கூடாது. "கோழிக்கு ஒட்டும் பொசுபரசு" என்று முழுதாக எழுதவேண்டும்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் அதே தவிடுதான். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பைற்றேற்றைத் தாமே அவிழ்த்துவிடும். கோழிக்கு ஒட்டாத பெரும்பகுதி மாட்டுக்கு ஒட்டும். எங்கள் பக்கம் வைகாசிக்குப் பிறகு புல் காய்ந்து, மாடுகள் வைக்கோலை நம்பியிருக்கும்போது அவற்றுக்குப் பொசுபரசு நன்றாகவே குறையும், ஏனென்றால் வைக்கோலில் அது மிகச் சொற்பம். ரோட்டோரத்தில் பழைய எலும்பைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டு நிற்கும் பசுவைப் பார்த்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தென்னாபிரிக்காவில் ஆர்னோல்ட் தைலர் நூறு வருடத்துக்கு முன்பே இதை ஆராய்ந்தார். பொசுபரசுப் பஞ்சத்தால் மாடுகள் செத்த விலங்கின் எலும்பை மெல்லும், அதில் ஒட்டியிருக்கும் அழுகலிலிருந்து நஞ்சேறிக் கால் இழுத்துச் சாகும் என்று கண்டவர் அவர். அப்படியான மாட்டுக்கு நாளாந்தம் கொஞ்சம் தவிடு கொடுப்பது மருந்து மாதிரி.

இனி கிடாய்க்கு வாருங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று கிடாயைக் கட்டிப்போட்டுத் தவிடு, தானியம் என்று கொழுக்க வைப்பார்கள். அதற்குப் பொசுபரசு நன்றாகவே ஒட்டும், அதுதான் பிரச்சினை. தவிட்டில் கல்சியம் 0.1 சதவீதம்கூட இல்லை, பொசுபரசோ அதைப்போல் பல மடங்கு. குழையும் புல்லும் தின்று அசைபோடும் ஆட்டுக்கு உமிழ்நீர் நிறையச் சுரக்கும், மிஞ்சின பொசுபரசு அந்த வழியாக வயிற்றுக்குத் திரும்பிப் புழுக்கையோடு போய்விடும். தவிடும் தானியமும் என்றால் மெல்லுவது குறைவு, உமிழ்நீரும் குறைவு. மிச்சம் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. கிடாய் முதுகை வளைத்து முக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும், பிறகு ஒரேயடியாக அடைத்துவிடும். விதையடித்த கிடாயில் இது இன்னும் அதிகம். பெருநாளுக்கு முதல் வாரம் மிருக வைத்தியரைத் தேடி ஓடுவது இதனால்தான். தீனில் கல்சியம் பொசுபரசின் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும், குழை வேண்டும், தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும்.

ஆக, ஒரே தவிட்டில் கோழிக்குப் பஞ்சம், மாட்டுக்கு நன்மை, கிடாய்க்கு ஆபத்து. "கிடைக்கும் பொசுபரசு இவ்வளவு" என்று தவிட்டின் பெயருக்கு நேரே ஒரேயொரு எண்ணைப் போட்டால் மூன்றில் இரண்டு பேரை ஏமாற்றியதாகிவிடும்.

பூட்டவிழ்நொதி வேண்டாம் ஐயா. நல்ல கற்பனைதான், ஆனால் அதைக் கடையில் "பைற்றேசு" என்று கேட்டால்தான் தருவார்கள்.

மட்டக்களப்பிலிருந்து:

வணக்கம் அண்ணா. "கட்டில்லாப் பொசுபரசு" என்ற சொல்லே போதாதா? வேதியியல்படி சரியாக இருக்கிறதே. எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் அதைத்தான் எழுதுகிறோம்.

திருகோணமலையிலிருந்து:

தங்கச்சி, அதுவும் தேவை, வேறு வேலைக்கு. கட்டுண்டதும் கட்டில்லாததும் தீனின் குணம், ஆய்வுகூடத்தில் அளக்கலாம். ஒட்டுவது தீனும் விலங்கும் சேர்ந்த கணக்கு. பைற்றேசு சேர்த்த தீனை எடுத்துப் பாருங்கள். பையைக் கட்டும்போது கட்டில்லாப் பொசுபரசு கூடவுமில்லை, குறையவுமில்லை. கோழியின் வயிற்றுக்குள் போனபிறகுதான் கட்டு அவிழ்கிறது, ஒட்டுவது கூடுகிறது. ஒரே சொல்லை வைத்திருந்தால் இதை எப்படி எழுதுவீர்கள்? 1991இல் இந்த நொதியம் முதலில் விற்பனைக்கு வந்ததே, கோழி, பன்றி எருவோடு போகும் பொசுபரசு நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று நெதர்லாந்து போன்ற நாடுகள் கட்டுப்பாடு போட்ட காலத்தில்தான். ஒட்டாதது எங்கே போகிறது என்ற கேள்வி அங்கே சட்டமாகியது. கந்தளாய்க் குளத்தையும் கொட்டியாரக் குடாவையும் பக்கத்தில் வைத்திருக்கிற நாங்களும் கேட்கவேண்டிய கேள்விதான், அதைத் தனி இழையில் பேசுவோம்.

இன்னொன்று. கோதுமைத் தவிட்டில் பைற்றேசு இயல்பாகவே நன்றாக உண்டு, அரிசித் தவிட்டிலும் சோளத்திலும் குறைவு. சீனக்குடா கோதுமை மா ஆலை இருக்கிற மாவட்டத்தில் இது சும்மா விடக்கூடிய செய்தி இல்லை. தூள் தீனாகக் கலக்கிறவர் அரிசித் தவிட்டில் ஒரு பங்கைக் குறைத்துக் கோதுமைத் தவிடு போட்டால் கொஞ்சம் உதவும். குச்சித்தீனாக அழுத்தும்போது சூட்டில் அந்த நொதியம் செத்துவிடும், ஆகவே அதில் இதை எதிர்பார்க்கக்கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, "ஒட்டும்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. யாராவது இதை "ஒட்டுப்பொசுபரசு" என்று சுருக்குவார்கள், உடனே ஒட்டுமாங்கன்று நினைவுக்கு வரும். பெயரெச்சமாகவே, இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். பாடநூலுக்குப் பெயர்ச்சொல் தேவைப்பட்டால் "ஒட்டும் வீதம்" என்று வைக்கலாம். இரும்புக்கும் நாகத்துக்கும்கூட அது செல்லும். வல்லுநர்கள் இதற்கு "உயிர்க்கிடைப்புத்தன்மை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

மணிச்சத்தை விட்டுக்கொடுத்தேன். ஆனால் "கோழிக்கு ஒட்டும்" என்று எழுதினாலும் எல்லாக் கோழியும் ஒன்றல்லவே? குஞ்சுக்கும் முட்டைக்கோழிக்கும் தேவை வேறு.

திருகோணமலையிலிருந்து:

தேவைதான் பெரிதும் மாறுகிறது ஐயா. இறைச்சிக்கோழிக் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் தீனில் 0.45 சதவீதம், நாளொன்றுக்கு 100 கிராம் தின்னும் முட்டைக்கோழிக்கு 0.25 என்பது 1994இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் போட்ட கணக்கு. அவர்கள் கட்டில்லாப் பொசுபரசில் சொன்னார்கள், பைற்றேசு போடாத தீனில் கட்டில்லாததும் கோழிக்கு ஒட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கைந்நூலில் அப்படியே எடுக்கிறேன். அட்டவணையில் "தேவை" ஒரு நிரல், "ஒட்டுவது" ஒரு நிரல்.

"ஒட்டும் வீதம்" கட்டாயம் சேர்க்கிறேன், யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி.

தம்பலகாமத்து அக்காவின் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறேன். 100 கிலோ கலவையில் 40 கிலோ தவிடு என்றால் தவிட்டிலிருந்து மட்டும் மொத்தப் பொசுபரசு 600 கிராம். கோழிக்கு ஒட்டுவது 90 கிராம் அளவு. வேண்டியதோ 250 கிராம். தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் ஏதோ கொஞ்சம் தரும், இடைவெளியை அடைக்காது. 18 சதவீதப் பொசுபரசு உள்ள இருகல்சியம் பொசுபேற்று ஒரு கிலோ சேர்த்தால் 180 கிராம் வரும், பெரும்பாலும் அதுவே போதும். எங்கள் கரையில் கருவாட்டுக் கழிவு மலிவு, மீன்முள்ளில் உள்ள பொசுபரசு கோழிக்கு நன்றாக ஒட்டும். ஆனால் உப்பைக் கழுவி உலர்த்தாமல் போட்டால் கோழி தண்ணீராய்க் கழிந்து செத்துவிடும், ஆகவே அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பதிவுக்கான வடிவம் இது:

மொத்தப் பொசுபரசு: தீனில் உள்ள முழு அளவு.
கட்டுண்ட பொசுபரசு: அதில் பைற்றேற்றாக இருப்பது. மற்றது கட்டில்லாப் பொசுபரசு.
(விலங்கின் பெயர்) + ஒட்டும் பொசுபரசு: அந்த விலங்கு உடம்பில் எடுத்துக்கொள்வது. விலங்கின் பெயர் இல்லாமல் எழுதவேண்டாம்.

கிடாய் வரிசையில் எண் போடவில்லை. "தவிட்டோடு நிற்கவேண்டாம், குழையும் தண்ணீரும்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இந்த வெள்ளிக்கு முன் சொல்லுங்கள், அச்சகத்தில் பக்கம் கேட்கிறார்கள்.