நெடுநேர எக்ஸ்போஷருக்குப் பின் பிலிம் கழுவும் நேரத்தைக் குறைத்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொருவரும் தம் இருப்பிடத்தின் பெயரில் பேசுகிறார்கள்)

கடற்கரைச் சாலை:
புதுச்சேரி காந்தி சிலைக்கு எதிரே, 1952 புயலில் சிதைந்த பாலத்தின் தூண்களை விடியலுக்கு முன் எடுக்காதவர் இங்கே இருக்கமாட்டார் என்பதால் இடத்தை விவரிக்கவில்லை. பிலிம் டிரை-எக்ஸ் 400. ஒளி அளக்கும் மீட்டர் 10 விநாடி காட்டியது. நெடுநேரம் திறந்து வைத்தால் பிலிமின் உணர்திறன் குறைந்துவிடும் என்பதால், அதை ஈடுகட்டும் கோடாக் அட்டவணைப்படி 50 விநாடி கொடுத்தேன். கழுவும் நேரத்தில், அதாவது பிலிம் டெவலப்பரில் இருக்கும் நேரத்தில், 20 சதவீதத்தைக் குறைக்கவும் அதே அட்டவணை சொல்கிறது. அதை எழுதிக் கொடுத்தும், லேபில் எல்லா ரோல்களையும் ஒரே நேரத்துக்குத்தான் கழுவுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுத்து, தண்ணீருடன் ஒன்றுக்கு ஒன்று கலந்த டி-76 டெவலப்பரில், 20 டிகிரியில், ஒன்பதே முக்கால் நிமிடத்துக்குப் பதிலாக 7 நிமிடம் 50 விநாடியில் நானே கழுவினேன். நெகட்டிவில் வெளிச்சம்தான் கறுப்பாகத் தெரியும். இரண்டு நெகட்டிவ்களையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்தபோது, லேபில் கழுவியதில் கரைக் கற்களின் மேலிருந்த நுரை ஊசிமுனை வெளிச்சமும் புகாத கறுப்பாக இருந்தது. என்னுடையதில் நுரைக்குள் கல்லின் விளிம்பு தெரிந்தது. தூண்களின் நிழற்பகுதியோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. கழுவும் நேரம் குறைந்தும் நிழல் ஏன் மெலியவில்லை என்பதே இன்னும் என்னைக் குடைகிறது.

தேவனாம்பட்டினம்:
அண்ணன் சொல்வது டிரை-எக்ஸுக்குப் பொருந்தும். எல்லா பிலிமுக்கும் விதியாக்கக் கூடாது. டி-மேக்ஸ் 100 பிலிமுக்கு 10 விநாடியை 15 ஆகவும், 100 விநாடியை 200 ஆகவும் கூட்டினால் போதும் என்றும், கழுவும் நேரத்தை மாற்ற வேண்டாம் என்றும் அதே கோடாக்தான் சொல்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் நிலவொளியில் 200 விநாடி திறந்து வைத்திருந்தபோது, வலை பார்க்கப் போன ஒருவர் டார்ச்சுடன் சட்டகத்தைக் கடந்தார். வழக்கமான நேரத்துக்கே கழுவினேன். படகின் பலகை இடுக்குகள்வரை தெரிகின்றன, டார்ச்சின் கோடு மட்டும் கெட்டிக் கறுப்பு. அதை எந்தக் கழுவலும் காப்பாற்றியிருக்காது.

முதுநகர்:
இருவருமே பிலிமைப் பற்றிப் பேசுகிறீர்கள். காட்சியைப் பற்றிப் பேசவில்லை. பிலிமிலுள்ள ஒரு வெள்ளி உப்புப் படிகம் டெவலப்பருக்கு இணங்க, அதில் ஏறத்தாழ நான்கு வெள்ளி அணுக்களாவது ஒன்றுசேர வேண்டும். மங்கிய ஒளியில் முதல் அணு உருவாகி, அடுத்தது வருவதற்குள் கலைந்துவிடுவதால், இழப்பு நிழலுக்குத்தான் அதிகம். நுரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கூடுதல் விநாடிகள் நிழலை மீட்கின்றன, நுரையையோ அளவுக்கு மீறி ஏற்றிவிடுகின்றன. கழுவும் நேரத்துக்கு அதிகம் கட்டுப்படுவது அந்த அடர்ந்த பகுதிதான். அண்ணனின் தூண்கள் மாறாமல் நின்றது அதனால்தான். ஆனால் மேகமூட்டத்தில் பிச்சாவரக் கால்வாயில் ஒளியை வெகுவாகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு இல்ஃபோர்டின் எச்பி5 பிலிமில் எடுத்தபோது, மீட்டரின் 30 விநாடியை, 1.31 என்ற இல்ஃபோர்டு அடுக்கெண்படி (30இன் 1.31ஆம் அடுக்கு) 86 ஆக்கிவிட்டு, கழுவும் நேரத்தில் கைவைக்கவே இல்லை. காட்சியே சாம்பல் பூத்துக் கிடக்கையில் அதையும் குறைத்திருந்தால் படம் சோகை பிடித்திருக்கும்.

யாரும் கேட்காவிட்டாலும் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் கழுவும் நேரம் ஏற்கெனவே சுருங்கிவிடும். அதில் மேலும் 20 சதவீதத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கி, படத்தின் வானத்தில் திட்டுத்திட்டாக விழும். ஆகவே டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் குறைப்பதற்கு இடம் இருக்கும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாமல், சுற்றியிருக்கும் வாளித் தண்ணீரில் போடுங்கள். டேங்கைக் குலுக்குவதில் வேகம் காட்டினால் குறைத்த நேரம் வீணாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைச் சாலை:
விளக்கத்துக்கு நன்றி ஐயா. தேவனாம்பட்டினத்துத் தம்பியிடமும் டி-மேக்ஸ் விஷயத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 35 மி.மீ. ரோலில் பகல் படங்களும் விடியல் படங்களும் கலந்திருந்தால் யாருக்காக நேரத்தைக் குறைப்பது என்பதை ஒருவரும் தொடவில்லை. நான் இப்போது விடியலுக்கென்றே ஒரு பழைய கேமராவை ஒதுக்கி, ரோல் முடியும்வரை அதில் வேறெதையும் எடுப்பதில்லை.