எஸ்பிடி (ஜெர்மனியோட பழைய தொழிலாளர் கட்சி, சோஷியல் டெமாக்ரட்ஸ்) இனிமே யாருக்கான கட்சி? ஜெர்மனில இருக்கவங்க சொல்லுங்க

டார்ட்முண்ட்வாசி:
வணக்கம் மக்களே. 2025 செப்டம்பர்ல எங்க ஊர் டார்ட்முண்ட் மேயர் தேர்தல்ல வலதுசாரி சிடியு ஜெயிச்சிடுச்சு, 1946ல இருந்து விடாம எஸ்பிடி கையில இருந்த ஊர் இது. கீழ் வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், ரிசல்ட் வந்த மறுநாள் அவரோட பழைய கட்சிப் புத்தகத்த எடுத்துட்டு வந்து காட்டினாரு, மாசாமாசம் சந்தா கட்டி ஒட்டின குட்டிக் குட்டி ஸ்டாம்ப், பக்கம் பக்கமா ஒரு கட்டம் கூட காலியா இல்ல. அவர் பையன் இப்ப குடியேற்றத்த எதிர்க்கிற தீவிர வலதுசாரி ஏஎஃப்டிக்குத்தான் ஓட்டு போடுறாராம், அத சொல்லும்போது குரலே இறங்கிடுச்சு. எஸ்பிடி 1863ல ஆரம்பிச்ச கட்சிங்க. வில்லி பிராண்ட் பிரதமரா (சான்சலர்) இருந்த காலத்துல 1972ல 45.8 சதவீதம் ஓட்டு, 2025 பிப்ரவரில 16.4. எனக்கு இப்பதான் குடியுரிமை கிடைச்சிருக்கு, அடுத்த தேர்தல்தான் முதல் ஓட்டு. இந்தக் கட்சி தேறுமா, இல்ல கிரீஸ்ல இதே மாதிரி சோஷியலிஸ்ட் கட்சியான பசோக் 2009ல 43.9ல இருந்து 2015 ஜனவரில 4.7க்கு விழுந்த மாதிரி ஆயிடுமா?

பழைய வாசகன்:
இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல. 2003ல எஸ்பிடி சான்சலர் ஷ்ரோடர் அஜெண்டா 2010னு சீர்திருத்தத் திட்டம் அறிவிச்சாரு, அதுல 2005 ஜனவரில ஹார்ட்ஸ் 4ங்கிற வேலையில்லாதவங்க உதவிச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் வேலை இல்லாம இருந்தாலும் பழைய சம்பளத்த வச்சு கணக்கு போட்டு உதவி தருவாங்க, அப்புறம் 30 வருஷம் உழைச்சவருக்கும் அதே அடிப்படைத் தொகைதான்னு ஆயிடுச்சு, அதுவும் சேமிப்பு எவ்வளவு, வீடு எவ்வளவு பெருசுன்னு எல்லாம் காட்டணும். பணம் குறைஞ்சத விட அந்த அவமானத்தத்தான் ஜனங்க மறக்கல. நம்ம கட்சியே நம்மள இப்படி பண்ணிடுச்சேன்னு ஒரு கூட்டம் வெளிய போயி 2007ல டி லிங்கங்கிற இடதுசாரிக் கட்சி உருவாச்சு. 2021ல எஸ்பிடி சான்சலர் வேட்பாளர் ஷோல்ஸ் போஸ்டர்ல 'மரியாதை'ங்கிற வார்த்தையும் மணிக்கு 12 யூரோ குறைந்தபட்ச கூலியும் இருந்துச்சு, 25.7 சதவீதம் வந்து முதலிடம். கூலிய 2022 அக்டோபர்ல ஏத்தவும் செஞ்சாங்க. ஆனா அதுக்குள்ள விலைவாசி எங்கயோ போயிடுச்சு, கூட்டணிக்குள்ள தினம் சண்டை, செஞ்ச நல்லது யார் காதுலயும் விழல.

வடக்குப்பக்கம்:
எனக்கு இதுல பாதிதான் உடன்பாடு. டென்மார்க்க பாருங்க, அங்க சோஷியல் டெமாக்ரட் பிரதமரா இருந்த பிரெடரிக்சன் குடியேற்ற விஷயத்துல கறாரா நின்னாங்க, 2022ல 27.5 சதவீதம் வாங்கினாங்க. பழைய சுரங்க ஊரான கெல்சன்கிர்ஷன்ல 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தல்ல, கட்சிக்குப் போடுற ஓட்டுல ஏஎஃப்டி முதல் இடம் வந்துச்சே, அங்க உள்ளவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்காம கூலி கூலின்னு பேசினா ஓட்டு திரும்பாது.

டார்ட்முண்ட்வாசி:
@வடக்குப்பக்கம், பிரெடரிக்சனோட அதே கட்சி 2025 நவம்பர்ல தலைநகர் கோபன்ஹேகன் மேயர் பதவிய இழந்துடுச்சே, நூறு வருஷத்துக்கு மேல கையில இருந்த நகரம். ஒரு பக்கம் பிடிச்சா இன்னொரு பக்கம் நழுவுது.

நைட்ஷிப்ட்:
நான் வயோதிபர் இல்லத்தில வேலை செய்யிறன். எங்கட ஷிப்டில ஒன்பது பேர், அதில ஆறு பேருக்கு இங்க வோட் இல்லை. முந்தி சுரங்கத்துக்குள்ள இறங்கினவைக்காக இருந்த கட்சி எண்டா இப்ப எங்களுக்காகத்தானே இருக்கோணும், நாங்கள்தான் இப்பத்தைய தொழிலாளர், பார்சல் கொண்டு போறவை, குசினியில நிக்கிறவை, கிழவரைத் தூக்கிக் கிடத்துறவை. ஆனா எங்கட ஏரியா கட்சிக் கூட்டம் எப்பவும் பின்னேரம் 7 மணிக்கு, எங்கட லேட் ஷிப்ட் முடியிறது 9 மணிக்கு. ஒருக்கா லீவு நாளில போனன். பதினாலு பேர் இருந்தவை, முக்கால்வாசி பென்ஷன் எடுத்த ஆக்கள், நல்ல மனிசர், கோப்பி தந்து பக்கத்தில இருத்திக் கதைச்சவை, நான் ராத்திரி ஆள் காணாத கதையைச் சொல்ல ஒரு அம்மா பேப்பரில எழுதி எடுத்தவ. இதுவரை எங்களிட்ட வந்து ஒருத்தரும் கேக்கேல்லை எண்டுதான் எனக்குக் கவலை. இன்னொண்டு, கன பேருக்குத் தெரியாது, ஜெர்மன் பாஸ்போர்ட் இல்லாமலும் எஸ்பிடியில சேரலாம், கூட்டணி ஒப்பந்தத்துக்கு உறுப்பினர் வாக்கெடுப்பு வைக்கேக்க அவையும் போடலாம். நான் சேர்ந்திட்டன்.

பழைய வாசகன்:
இது எனக்கே தோணல அக்கா. எழுபதுகள்ல பத்து லட்சம் உறுப்பினர் இருந்த கட்சி, இப்ப நாலு லட்சம் கூட இல்ல. அன்னிக்கு ஃபேக்டரி வாசல்லயே ஆள் சேத்தாங்க, இன்னிக்கு அந்த வாசலே இல்ல, ரூர் பகுதில இருக்க பாட்ராப் ஊர்ல கடைசி கருப்பு நிலக்கரிச் சுரங்கத்த 2018 டிசம்பர்ல மூடிட்டாங்க. புது வாசல் எதுன்னு கட்சி தேடவே இல்ல.

வடக்குப்பக்கம்:
குடியேற்றம் பத்தி நான் சொன்னத மாத்திக்கல. ஆனா 7 மணி கூட்டம் விஷயம் நியாயம், அத மறுக்க முடியல.

டார்ட்முண்ட்வாசி:
@நைட்ஷிப்ட் அக்கா, ரொம்ப நன்றி. உங்க பதிவ கீழ் வீட்டுப் பெரியவருக்கு மொழிபெயர்த்து சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, எங்க காலத்துல ஷிப்ட் முடியிற நேரத்துக்குத்தான் கூட்டம் வைப்போம்னாரு. அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பேரும் போறோம், மாசத்துல ஒரு கூட்டமாவது ராத்திரி ஒன்பதரைக்கு, இல்ல காலைல வைக்கச் சொல்லி அவரே எழுதித் தர்றேன்னுருக்காரு. உங்க பக்கம் யாராச்சும் இப்படி கேட்டு மாத்தியிருக்காங்களா?