ஈசிஜி மாடல் சோதனையில் 98 சதவீதம், வேறு கருவியின் பதிவில் கோட்டை விடுகிறது: எங்கே பிசகு?

துடிப்பு:

வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஈசிஜி துடிப்புகளை வகை பிரிக்கும் மாடல் ஒன்றைச் செய்திருக்கிறேன். எம்ஐடி-பிஐஹெச் அரித்மியா தொகுப்பைத்தான் (சீரற்ற இதயத் துடிப்புகள் உள்ள, வகை குறித்த ஈசிஜி பதிவுகள்) எடுத்துக்கொண்டேன். ஆர் முகட்டை (துடிப்பின் கூரான உச்சியை) நடுவில் வைத்து ஒவ்வொரு துடிப்பையும் 260 புள்ளிகளாக வெட்டி, ஒரு பரிமாண சிஎன்என் என்ற நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்தேன். எஸ் வகைத் துடிப்புகள் (இதயத்தின் மேற்பகுதியிலிருந்து முறை தவறிக் கிளம்புபவை) ரொம்பக் குறைவு என்பதால் ஸ்மோட் போட்டு, அதாவது இருப்பவற்றை வைத்துச் செயற்கைத் துடிப்புகளை உண்டாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, எல்லாவற்றையும் கலைத்து, 80-க்கு 20 என்று பிரித்தேன். சோதனையில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தது.

அப்புறம் ஆய்வகத்தில் உள்ள இன்னொரு கருவியில் எடுத்த பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கே தெரிகிற அகலமான வென்ட்ரிகுலர் (கீழறையில் கிளம்பும்) துடிப்புகளைக்கூட நார்மல் என்கிறது. எஸ் வகையில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தக் கருவி 250 ஹெர்ட்ஸில் பதிகிறது. அடுக்குகளைக் கூட்டினேன், டிராப்அவுட்டை மாற்றினேன், இரண்டு வாரமாக இதே வேலை. இன்னும் ஆழமான நெட்வொர்க்குக்குப் போக வேண்டுமா?

அலைவரிசை:

நெட்வொர்க்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். பிசகு அதற்கு முன்னாலேயே இருக்கிறது, அதுவும் இரண்டு மூன்று இடங்களில்.

வென்ட்ரிகுலர் துடிப்பு தவறுவதற்கான காரணத்தை உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். எம்ஐடி தொகுப்பு நொடிக்கு 360 புள்ளி, உங்கள் கருவி 250. 0.14 நொடி அகலமுள்ள துடிப்பு 360-இல் 50 புள்ளி வரும், 250-இல் 35 புள்ளிதான். பயிற்சியில் 35 புள்ளி என்றால் 0.1 நொடிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நார்மல் அகலம். மாடல் நொடியை அறியாது, புள்ளியைத்தான் எண்ணும். பதிவை 360-க்கு மறுமாதிரி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று, தொகுப்பில் மின்கம்பி இரைச்சல் 60 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலை வடிகட்ட வசதியாக இருக்கும் என்றுதான் 360-ஐயே தேர்ந்தார்கள். உங்கள் பதிவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தால் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

எஸ் வகை வேறு கதை. இதில் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

துடிப்புகளைக் கலைத்துப் பிரித்தீர்கள் அல்லவா? தொகுப்பில் இருப்பது 48 பதிவுகள், 47 ஆட்கள். ஒவ்வொரு பதிவும் அரை மணி நேரம். ஒரே ஆளின் துடிப்புகள் ஒன்றுக்கொன்று அச்சடித்த மாதிரி இருக்கும். கலைத்துப் பிரித்தால் அவருடைய துடிப்பு பயிற்சியிலும் வரும், சோதனையிலும் வரும். 232-ஆம் பதிவைத் திறந்து பாருங்கள். ஏட்ரியத்தில் (மேலறையில்) சீக்கிரமே கிளம்பும் துடிப்பு அதில் மட்டும் 1,382. தொகுப்பு முழுக்க எஸ் வகை ஏறத்தாழ 2,800 தான். பாதி ஒரே ஆளிடமிருந்து! உங்கள் மாடல் எஸ் துடிப்பைக் கற்கவில்லை, அந்த ஒருவருடைய இதயத்தைக் கற்றிருக்கிறது. இது போதாதென்று பிரிப்பதற்கு முன்பே ஸ்மோட் போட்டிருக்கிறீர்கள். சோதனைக்குப் போக வேண்டிய துடிப்புகளை வைத்தும் செயற்கைத் துடிப்பு உண்டாகி, அது பயிற்சிக்குள் வந்துவிட்டது.

எனக்கு இது மனதில் தைத்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூளை எம்ஆர்ஐயில் கட்டி கண்டுபிடிக்கும் வேலை. ஸ்லைஸ்களைக் கலைத்துப் பிரித்தோம். ஒருவருடைய 40-ஆவது ஸ்லைஸ் பயிற்சியில், 41-ஆவது சோதனையில். எண்கள் பிரமாதமாக இருந்தன. புதிய நோயாளிகளின் படங்களை ரேடியாலஜிஸ்ட் முன்னால் ஓட்டியபோது மூன்றாவது படத்திலேயே, கட்டியே இல்லாத இடத்தில் வட்டம் போட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த படத்துக்குப் போங்கள் என்றார். அந்த ஆறு மாத வேலையை முதலிலிருந்து செய்தோம். அன்றிலிருந்து எந்தத் தரவு வந்தாலும் நோயாளி எண் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஆள்வாரியாகப் பிரிக்க, 2004-இல் டி ஷசால் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட பிரிவைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். பேஸ்மேக்கர் உள்ள 102, 104, 107, 217 ஆகிய நான்கையும் விலக்கி, மீதி 44-ஐ 22, 22 ஆகப் பிரித்தார்கள். அதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 201, 202 இரண்டும் ஒரே ஆள், ஆனால் ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். ஒன்றை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் மொத்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். அந்த 44 பதிவுகளில் பத்தில் ஒன்பது துடிப்பு நார்மல் வகை. எதைக் காட்டினாலும் நார்மல் என்று சொல்லும் ஒரு வரி நிரலுக்கே கிட்டத்தட்ட 89 சதவீதம் கிடைக்கும்.

ராத்திரி ஷிப்ட்:

நான் நிரல் எழுதுபவள் இல்லை. ஹோல்டர் பதிவுகளை (உடம்பில் மாட்டி நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி) திருத்துவது என் வேலை. ஒரு நாள் பதிவில் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு இருக்கும். கருவி பிரித்துக் கொடுத்ததை நான் சரிபார்ப்பேன்.

எஸ் துடிப்பைத் தேடும்போது க்யூஆர்எஸ் (கீழறை சுருங்கும்போது வரும் பெரிய கூர் அலை) எங்களுக்கு அவ்வளவாக உதவாது. அது மேலிருந்து வழக்கமான பாதையில் இறங்குவதால் பக்கத்துத் துடிப்பு மாதிரியேதான் இருக்கும். சீக்கிரம் வந்ததா என்று இடைவெளியைப் பார்ப்பேன். அப்புறம் அதற்கு முந்தைய டி அலை, அதாவது க்யூஆர்எஸ்ஸுக்குப் பின்னால் வரும் மேடு. மற்ற டி அலைகள் எல்லாம் வழவழவென்று இருக்கும்போது ஒன்று மட்டும் கூராக, இல்லையென்றால் முதுகில் சின்னப் புடைப்போடு இருந்தால், மேலறையின் பி அலை அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த ஒரு டி அலையை மட்டும் வெட்டி என்னிடம் காட்டினால் எனக்கும் தெரியாது. இந்த ஆளுக்கு டி அலை எப்படி இருக்கும் என்று தெரிய அதற்கு முன்னால் நாலு துடிப்பாவது வேண்டும்.

நீங்கள் ஒரே ஒரு துடிப்பை வெட்டிக் கொடுத்து எஸ்ஸா என்று கேட்கிறீர்கள். அது பாவம், எதை வைத்துச் சொல்லும்?

இன்னொன்றும் சொல்கிறேன். பல் துலக்கும்போது எடுத்த பதிவை ஒருமுறை பாருங்கள். கை அசைவு தாளமாக ஏறி இறங்கி, வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறை ஆபத்தான வேகத்தில் துடிப்பது) போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் நடுநடுவே உண்மையான க்யூஆர்எஸ் தன் பாட்டுக்கு ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். இரைச்சல் என்று சொல்லவும் மாடலுக்கு ஒரு வழி விடுங்கள். இல்லையென்றால் பொய் அலாரத்தைத் திருத்தியே எங்கள் நேரம் போய்விடும்.

அலைவரிசை:

அருமையாகச் சொன்னீர்கள். துடிப்பு, இதைத்தான் முந்தைய ஆர்-ஆர் இடைவெளி (இரண்டு ஆர் முகடுகளுக்கு நடுவிலுள்ள நேரம்), அடுத்த இடைவெளி, அக்கம்பக்கத்துச் சராசரி என்று டி ஷசால் குழுவும் மாடலுக்குக் கொடுத்தது. இரைச்சலுக்கு எம்ஐடி-பிஐஹெச் இரைச்சல் தொகுப்பே தனியாக இருக்கிறது: அலையும் அடிக்கோடு, தசை நடுக்கம், எலெக்ட்ரோடு அசைவு என்று மூன்று. அவற்றைக் கலந்து பயிற்சி கொடுங்கள்.

துடிப்பு:

மூன்று நாள் கழித்து வருகிறேன். 360-க்கு மாற்றியதும் எங்கள் கருவியின் வென்ட்ரிகுலர் துடிப்புகளைப் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. ஆள்வாரியாகப் பிரித்ததும் மொத்தம் 91-க்கு இறங்கிவிட்டது, எஸ் வகையில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இடைவெளிகளையும் முந்தைய நான்கு துடிப்புகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகு பத்துக்கு ஆறு பிடிக்கிறது. வழிகாட்டியிடம் 98 என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இதை எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருக்கிறது.

அலைவரிசை:

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 98 எப்படி வந்தது, ஏன் இறங்கியது என்று உங்களுக்குக் காரணம் தெரியும். தேர்வாளர் கேட்டால் 232-ஆம் பதிவைத் திறந்தே விளக்கலாம்.

அந்தப் பத்துக்கு ஆறிலும் ஒன்று பார்க்க வேண்டும். அந்தப் பிரிவில் 232 சோதனைப் பக்கம் இருக்கிறது. அங்குள்ள எஸ் துடிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு அவருடையது. அவர் ஒருவரைச் சரியாகப் பிடித்தாலே எண் ஏறிவிடும், அவரைத் தவறவிட்டால் சரிந்துவிடும். அதனால் எஸ் வகையை ஆள்வாரியாக எழுதுங்கள்: எந்தப் பதிவில் எத்தனை இருந்தது, எத்தனை பிடித்தது. 232-ஐ விட்டுவிட்டு என்ன வருகிறது என்றும் கணக்கிட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.